குளோரினைக் கூட்டினால் குழாய்க்குள் பாக்டீரியா வளர்வது நின்றுவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாடிக் கட்டடம். வெளியிலிருந்து வரும் இணைப்பில் எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொன்ற பிறகும் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின்) லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் இருக்கிறது. மேல்மாடியின் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் கழிவுக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லை, ஆனால் மொத்த பாக்டீரியா எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1,200 காலனி என்று ஆய்வக அறிக்கை வந்திருக்கிறது. குளோரின் போட்ட தண்ணீரில் பாக்டீரியா எப்படி வளர்கிறது, தொட்டியில் குளோரினை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. குளோரமின் என்ற இன்னொரு கிருமிநாசினி பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பின்னால் வருகிறேன். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் குளோரின் என்ன செய்கிறது என்பது ஒன்று. குழாயின் உட்சுவரில் ஒட்டிக் குடியேறிவிட்டதை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. உங்கள் சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. இரட்டிப்பாக்கினால் சில நாட்களுக்கு எண்ணிக்கை இறங்கும், பெரும்பாலும் மறுபடி ஏறிவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் நோய்க்கிருமி நீக்கப்பட்ட தண்ணீர்தான். ஓர் உயிர்கூட இல்லாத தண்ணீர் அன்று. தீங்கில்லாத பாக்டீரியா கொஞ்சம் எப்போதும் தப்பி வரும். அவற்றில் சில குழாய்ச் சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன, பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன, அந்தப் பசைக்குள் பெருகுகின்றன. இதைத்தான் உயிர்ப்படலம் அல்லது பயோஃபிலிம் என்கிறோம். பழைய குழாய்த் துண்டை வெட்டி உள்ளே விரலால் தடவினால் தட்டுப்படும் வழவழப்பு அதுதான். குடிநீர்க் குழாயில் அது சுவர் முழுக்க ஒரே சீராகப் பூசியது போல் இருப்பதில்லை. திட்டுத் திட்டாக, துருவின் மடிப்புகளிலும் இணைப்புகளின் விளிம்புகளிலும் கூடுதலாக இருக்கும். ஒரு குழாய் அமைப்பில் உள்ள பாக்டீரியாவில் மிகப் பெரும் பகுதி இந்தச் சுவர்ப்படலத்திலும் அடியில் தங்கிய வண்டலிலும் இருக்கிறது. நீங்கள் குவளையில் பிடிப்பது அதிலிருந்து உரிந்து வரும் சிறு பங்கு மட்டுமே.

மிதக்கும் பாக்டீரியாவுக்குக் குளோரின் நல்ல எதிரி. தண்ணீரில் கரைந்ததும் அது ஹைபோகுளோரஸ் அமிலமாகவும் ஹைபோகுளோரைட் அயனியாகவும் பிரிகிறது. கொல்லும் வேலையைப் பெரிதும் செய்வது அமிலம்தான். அயனி பல மடங்கு பலவீனமானது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, தீர்மானிக்கிறது. பிஎச் 7-ல் நான்கில் மூன்று பங்கு அமிலமாக இருக்கும், 7.5-ல் ஏறத்தாழ பாதி, 8-ல் நான்கில் ஒரு பங்கு, 8.5-ல் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 0.4 என்ற எண் மட்டும் தெரிந்தால் போதாது, பிஎச்சும் தெரிய வேண்டும். புதிதாகக் கட்டிய கான்கிரீட் தொட்டி சில மாதங்கள் வரை பிஎச்சை உயர்த்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், பிஎச் 8-க்குக் கீழே இருக்கும்போது குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் (அம்மோனியா போன்றவற்றோடு சேராத குளோரின்) இருக்க வேண்டும், தண்ணீர் பயனரைச் சேரும் இடத்தில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்கிறது.

சுவரில் ஒட்டியதற்கு இந்தக் கணக்கு செல்லாது. குளோரின் பாக்டீரியாவைத் தேடிப் போவதில்லை; வழியில் எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதனோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. படலத்தின் மேலே இருக்கும் பசையே கரிமப் பொருள். குளோரின் உள்ளே ஊடுருவும் வேகத்தைவிட அந்தப் பசை அதைத் தின்னும் வேகம் அதிகம். முடியளவு நுண்மின்முனையைப் படலத்துக்குள் செலுத்தி அளந்த 1994-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், வெளியே தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் படலத்துக்குள் இருந்தது. 1988-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பரப்பில் ஒட்டிய பாக்டீரியா மிதப்பவற்றைவிட ஹைபோகுளோரஸ் அமிலத்தை 150 முதல் 3,000 மடங்குக்கு மேல் தாக்குப்பிடித்தது. எந்தப் பரப்பு, எத்தனை நாள் படலம், என்ன ஊட்டம் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் பெரிதாக மாறும். அதனால் 3,000 என்பதை உங்கள் குழாய்க்கான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலடுக்கு சாகிறது, கீழடுக்கு பிழைக்கிறது என்ற நடத்தை மட்டும் திரும்பத் திரும்ப உறுதியானது. செத்த மேலடுக்கு பிழைத்ததற்கு இரையாகிறது. அதிர்ச்சி அளவு, அதாவது ஒரே தடவையில் மிக அதிகமாக, குளோரின் போட்டுக் கழுவிய குழாயில் சில நாட்களிலோ வாரங்களிலோ எண்ணிக்கை பழைய நிலைக்கு வருவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எஞ்சிய குளோரினால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. அது படலத்தின் வெளிப்புறத்தை இடைவிடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. படலம் மெலிதாக இருக்கும், உரிந்து மிதக்கும் பாக்டீரியா வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் செத்துவிடும், வெளியிலிருந்து கழிவுநீர் கசிந்து உள்ளே வந்தால் சிறிய அளவுக்கேனும் தடுப்பு இருக்கும். வேலிக்குள் ஆட்டைக் கட்டிவைப்பது போல, வளர்ச்சி ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கிறது. குளோரின் 0.1, 0.05 என்று இறங்கிப்போன இடங்களில்தான் எண்ணிக்கை மளமளவென்று ஏறும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு பக்கவிளைவு உண்டு. குளோரின் எல்லா இனத்தையும் ஒரே மாதிரி கொல்வதில்லை. தாங்கத் தெரிந்தவை மிஞ்சுகின்றன. ஷவரின் துளைகளைச் சுற்றியும் குளியலறை ஓரங்களிலும் இளஞ்சிவப்பாக வழவழவென்று படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை உண்டாக்குபவற்றில் மெத்திலோபாக்டீரியம் என்ற இனமும் உண்டு, அது குளோரினை ஓரளவு தாங்கும். காசநோய்க் கிருமியின் உறவான, ஆனால் காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரிய இனங்களுக்கு மெழுகு போன்ற மேலுறை இருப்பதால் குளோரின் எளிதில் ஏறாது. நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியனெல்லா பாக்டீரியா அமீபாவுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டு பெருகும். குளோரினை விடாமல் கூட்டிக்கொண்டே போவது மொத்த எண்ணிக்கையைக் குறைத்தாலும் இவற்றுக்குப் போட்டியில்லாத இடத்தைக் கொடுக்கக்கூடும். இது ஆய்வுகளில் காணப்பட்ட போக்கு. எந்தக் கட்டடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு உறுதியான விதி இல்லை.

வளர்ச்சியின் உச்சவரம்பைத் தீர்மானிப்பது இரை. தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமத்தில் பாக்டீரியா எளிதாகச் செரிக்கக்கூடிய பங்கு மிகச் சிறியது. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் அளப்பார்கள். கிருமிநாசினியே இல்லாத தண்ணீரில் அது ஏறத்தாழ 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி அடங்கியிருக்கும் என்பது நெதர்லாந்தில் உருவான அளவுகோல். குளோரின் இருக்கும் அமைப்புகளில் 50 முதல் 100 வரை என்று பேசுவார்கள். அந்த எல்லை ஊருக்கு ஊர் மாறுகிறது, வெப்பநிலையும் பாஸ்பரசும் சேர்ந்து அதை மாற்றுகின்றன. கிருமிநீக்கமே இரையை உண்டாக்குவதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. பாக்டீரியாவால் கடிக்க முடியாத பெரிய மட்கு மூலக்கூறுகளை ஓசோன் சிறு துண்டுகளாக உடைத்துக் கொடுத்துவிடுகிறது. குளோரினும் குறைந்த அளவில் அதையே செய்கிறது. அதனால்தான் ஓசோனுக்குப் பின்னால் உயிரியல் கரி வடிகட்டி வைத்து, அந்தத் துண்டுகளை அங்கேயே பாக்டீரியாவைக் கொண்டு தின்னவைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை அனுப்புகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் 1983-லிருந்து குளோரின் இல்லாமலே தண்ணீர் தருகிறது. இரையைக் குறைத்து, குழாயைக் கசிவின்றி வைத்து, அழுத்தத்தை விடாமல் காத்தால் இது முடியும். கசியும் குழாயும் விட்டு விட்டு வரும் அழுத்தமும் உள்ள இடத்தில் இதைப் பின்பற்றினால் ஆபத்து. அங்கே எஞ்சிய குளோரினை விட்டுக்கொடுக்கவே கூடாது.

குளோரமின் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளோரினோடு அம்மோனியா சேர்த்துச் செய்யப்படும் இது மெதுவாக வினைபுரிவதால் நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கும், படலத்துக்குள்ளும் கூடுதலாக ஊடுருவும். மேலே சொன்ன 1988 ஆய்விலேயே ஒட்டிய பாக்டீரியாவின் தாங்குதிறன் குளோரமினுக்கு எதிராக 2 முதல் 100 மடங்குதான் இருந்தது. ஊடுருவுவதும் கொல்வதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே போன பிறகும் பல பாக்டீரியா உயிரோடு இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இதன் பெரிய பலவீனம் அம்மோனியா. குளோரமின் சிதையும்போது வெளிவரும் அம்மோனியாவை நைட்ரசோமோனாஸ் போன்ற பாக்டீரியா தின்று நைட்ரைட்டாக மாற்றுகின்றன; நைட்ரைட் மீதமிருக்கும் கிருமிநாசினியைத் தின்கிறது; கிருமிநாசினி குறையக் குறைய அந்த பாக்டீரியா இன்னும் பெருகுகிறது. கோடையில் தொட்டிகளில் இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் அளவைக் கூட்டி நிறுத்துவது கடினம். கட்டட அளவில் நீங்களாகக் குளோரமினுக்கு மாற நினைக்கவே வேண்டாம். வாஷிங்டன் நகரம் 2000-ஆம் ஆண்டு குளோரினிலிருந்து குளோரமினுக்கு மாறியபோது ஈயக் குழாய்களின் உட்படிவம் கரைந்து தண்ணீரில் ஈயம் ஏறியது. கிருமிநாசினியை மாற்றினால் குழாயின் வேதியியலே மாறும்.

இப்போது உங்கள் கட்டடத்துக்கு வருவோம். தெரு முதன்மைக் குழாயில் நன்றாக இருந்த தண்ணீர் உங்கள் குழாயில் கெடுவதற்கு வடிவக்கணக்கே ஒரு காரணம். 300 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கனமீட்டர் தண்ணீர் 13 சதுர மீட்டர் சுவரைத் தொடுகிறது. 15 மில்லிமீட்டர் குழாயில் அதே தண்ணீர் 267 சதுர மீட்டர் சுவரைத் தொடுகிறது. உங்கள் மாடியில் 15 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். உள்ளே நிற்பது மூன்றரை லிட்டர் தண்ணீர்தான், அதைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் படலம். இரவு முழுக்க அது அப்படியே நிற்கிறது, அறை வெப்பத்துக்கு வருகிறது, குளோரின் தீர்கிறது. காலையில் முதலில் பிடிக்கும் குவளையில் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்கு ஏறியிருப்பது இயல்பு. இரும்புக் குழாயானால் துருவே குளோரினைத் தின்னும். துருக்கட்டிகளின் அடியில் பாக்டீரியாவுக்கு நல்ல மறைவிடம். நெகிழ்வான ரப்பர், மலிவான பிளாஸ்டிக் குழல்கள் கரிமத்தைக் கசியவிட்டு இரையும் கொடுக்கும். ஷவர் குழலிலும் சலவை இயந்திர இணைப்பிலும் வழவழப்பு சீக்கிரம் படிவது அதனால்தான்.

இரட்டிப்பாக்கும் யோசனை ஏன் ஏமாற்றும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். குளோரின் ஏறத்தாழ ஒவ்வொரு குறிப்பிட்ட கால இடைவெளியிலும் பாதியாகிறது. உங்கள் தொட்டியில் அந்த இடைவெளி 8 மணி நேரம் என்று கொள்வோம். 0.4-ல் தொடங்கினால் 8 மணி நேரத்தில் 0.2, 16-ல் 0.1, 24-ல் 0.05. இரட்டிப்பாக்கி 0.8-ல் தொடங்கினால் 24 மணி நேரத்தில் 0.1. இருமடங்கு மருந்து போட்டு நீங்கள் வாங்கியது வெறும் 8 மணி நேரம். தொட்டியில் தண்ணீர் இரண்டு நாள் தங்கினால் அதுவும் வீண். கரிமம் நிறைந்த தண்ணீரில் குளோரின் கூடக்கூட டிரைஹாலோமீத்தேன் போன்ற தீங்கான துணைப்பொருள்களும் கூடும். குளோரின் போட்ட தண்ணீரில் அவை உருவாவது 1974-லிருந்து தெரிந்த விஷயம். எவ்வளவு போடுவது என்று கேட்பதற்கு முன், போட்டது எங்கே தீர்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், ஐந்து இடங்களில் அளவுங்கள்: வெளி இணைப்பு, கீழ்த்தொட்டி, மேல்தொட்டியின் வெளிவாய், ஒரு நடுமாடிக் குழாய், கடைசிக் குழாய். மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து தனிக் குளோரினும் குளோரமினும் சேர்ந்த மொத்தக் குளோரினைத்தான் காட்டும். இதற்கு அது உதவாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரை அல்லது பொடியை வாங்குங்கள். குப்பியை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, கோடு வரை நிரப்பி, பொடியைப் போட்டுக் கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். தாமதித்தால் குளோரமின் இருந்தால் அதுவும் சேர்ந்து நிறம் காட்டும். கடைசிக் குழாயில் இரண்டு முறை அளவுங்கள்: திறந்தவுடன் ஒன்று, மூன்று நிமிடம் ஓடவிட்டு ஒன்று. ஓடவிட்ட பிறகு அளவு ஏறினால் சிக்கல் மாடிக் குழாயில். ஓடவிட்டும் ஏறவில்லை, மேல்தொட்டியின் வெளிவாயிலேயே இல்லை என்றால் சிக்கல் தொட்டியில்; தொட்டி தேவைக்கு மிகப் பெரியதா, அடியில் வண்டல் இருக்கிறதா, உள்வாயும் வெளிவாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரு மூலையில் தண்ணீர் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் மிதவை வால்வைச் சற்றுத் தாழ்த்தி ஒரு நாள் தேவைக்கு மட்டும் நிரம்பும்படி செய்வது, பல கட்டடங்களில் குளோரின் கூட்டுவதைவிட அதிகம் பலன் தருவது.

தொட்டியில் வண்டல் இருந்தால் முதலில் அதை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி வெளியேற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் குளோரின் அழுக்குக்குத்தான் போகும். பிறகு அமைப்பு முழுவதற்கும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது வழக்கமான அதிர்ச்சி அளவு: 1,000 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல் ஒரு லிட்டர். கரைசல் நாளாக ஆக வீரியம் இழக்கும், வெயிலில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். மேல்மாடியிலிருந்து கீழ்வரை ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். முடிவில் கடைசிக் குழாயில் 30-க்குக் கீழே இறங்கியிருந்தால் படலமும் துருவும் தின்றுவிட்டன என்று பொருள். மறுபடி செய்ய வேண்டும். இந்த நேரத்தில் சாதாரண டிபிடி குப்பியை நம்பாதீர்கள்: குளோரின் மிக அதிகமானால் உருவான நிறத்தை அதுவே வெளுத்து, பூஜ்யம் போலக் காட்டும். மாதிரியைக் குளோரினற்ற தண்ணீரில் நூறு மடங்கு நீர்த்து அளந்து பெருக்குங்கள். யாரும் குடிக்காதபடி எல்லா வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள், குடிநீர் வடிகட்டிகளுக்குப் போகும் இணைப்பை மூடுங்கள், கழுவ வைத்திருக்கும் அமிலத்தோடு இதைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும். பிறகு அளவு சாதாரண நிலைக்கு வரும்வரை ஓடவிட்டு வெளியேற்றுங்கள். மீன் உள்ள நீர்நிலைக்குள் விடாதீர்கள்.

மருந்து கொன்றதைத் தண்ணீரின் வேகம்தான் உரித்து வெளியேற்றும். படலத்தையும் வண்டலையும் அரிக்க நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் வேண்டும். 50 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு ஏறத்தாழ 3 லிட்டர். ஒரு மாடிக் குழாயை மட்டும் மெதுவாகத் திறந்துவைத்தால் இந்த வேகம் வராது. மற்ற வால்வுகளை மூடி, ஒரு கிளையாக எடுத்து, பெரிய வாய் வழியாக வெளியேற்றுங்கள். பயன்படுத்தாமல் அடைத்துவிட்ட கிளைக் குழாய் இருந்தால் அதன் கிளைபிரியும் இடத்திலேயே வெட்டி மூடுங்கள். நின்ற தண்ணீர் இருக்கும் அந்த ஒரு மீட்டர் குழாய் மற்ற எல்லாவற்றுக்கும் விதை போட்டுக்கொண்டே இருக்கும். வெந்நீர் அமைப்பு தனி விஷயம்: லெஜியனெல்லா 25 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும், வெந்நீரில் குளோரினும் நிற்காது. சேமிப்பில் 60 பாகை, குழாயில் 50-க்குக் குறையாமல் வைத்து, குழந்தைகளும் முதியவர்களும் சுடுபடாதபடி கலப்பு வால்வு பொருத்துங்கள்.

1,200 என்ற எண்ணைப் பற்றி. அந்தச் சோதனை தட்டில் வளரக்கூடிய பாக்டீரியாவை மட்டும் எண்ணுகிறது. தண்ணீரில் இருப்பவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே தட்டில் வளரும். எந்த ஊடகம், எந்த வெப்பம், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அதே தண்ணீர் 50 என்றும் வரும், 5,000 என்றும் வரும். அமெரிக்காவில் 500-ஐ எல்லையாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து நோய் வரும் என்று சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது அமைப்பின் ஆரோக்கியத்தைக் காட்டும் அளவு. போன முறையைவிட ஏறியதா இறங்கியதா என்பதில்தான் பொருள் இருக்கிறது. ஒரே மாதிரியை வைத்து நீங்களோ நானோ முடிவு சொல்லக் கூடாது. மாதிரி எடுத்த விதத்தையும் கேட்டுப் பாருங்கள். குப்பியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் முன்பே இருந்திருக்க வேண்டும். 120 மில்லிலிட்டர் குப்பிக்கு 3 சதவீதக் கரைசல் 0.1 மில்லிலிட்டர். அது இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே போகும், எண் பொய்யாகக் குறையும். குழாய் வாயில் உள்ள வலையைக் கழற்றாமல் பிடித்திருந்தால் அந்த வலையின் வழவழப்பைத்தான் எண்ணியிருப்பார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் 8 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் வரும் நல்ல எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்து ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அதே குழாய், அதே காலை நேரம், அதே ஆய்வகம், கூடவே அந்த இடத்தின் குளோரின், பிஎச், வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள். இடையில் எப்போதாவது கோலிஃபார்மோ, குறிப்பாக ஈ.கோலையோ வந்தால் நாம் இதுவரை பேசியது பொருந்தாது. அது வெளியிலிருந்து கழிவு கலந்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி. அன்றே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, தொட்டி மூடியிலும் கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் ஓடும் இணைப்புகளிலும் உடைப்பைத் தேடுங்கள்.